அடித்தவன் கையில் பேனா

2022 டிசம்பர் 31. பேட்டரி திருடினான் என்று பிடித்து, செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்தில் அடைத்த 17 வயசுப் பையன் செத்துப்போனான். மாஜிஸ்திரேட் விசாரித்த பிறகுதான் அடித்த சேதி வெளியே வந்தது. 2023 ஜனவரியில் இல்ல ஊழியர் 6 பேர் கைதானார்கள்.

அடிக்கக் கூடாது என்கிறது 2015 சிறார் நீதிச் சட்டம். விலங்கு போடக் கூடாது என்கின்றன 2016 விதிகள். தனியறையில் பூட்டக் கூடாது என்கின்றன ஐ.நா.வின் 1990 ஹவானா விதிகள். இத்தனை இருந்தும் ஏன் செத்தான்? உள்ளே அடிக்கிறவன் கையில்தான் பேனாவும் இருக்கு. அவன் எழுதாட்டா எதுவும் நடக்கவே இல்லை!

தன் கோப்பில் எழுதியதை மறுக்கப் புள்ளைக்கு உரிமை உண்டு என்பதும் ஹவானா விதிதான். பேட்டையிலிருந்து நாளைக்கு ஒரு புள்ள உள்ளே போனால் அவனுக்கும் அது வேணும். கை வைத்தது யார், பூட்டியது எப்போ, திறந்தது எப்போ, டாக்டர் பார்த்தாரா? அன்னைக்கே எழுதணும். புள்ளைக்கு வாசிச்சுக் காட்டணும். அவன் சொல்லும் அதே பக்கத்தில் ஏறணும்.

நமக்கு எழுத்தை மறுத்தவர்கள் இன்று நம் புள்ளைகளைப் பற்றி எழுதுகிறார்கள். சட்டக் கல்லூரித் தோழர்களே, தாயோடு கூடப் போங்கள். அந்தப் பக்கத்தைக் கேளுங்கள்.