உருளையின் வயிறு

திருக்காட்டுப்பள்ளியினின்று காவிரிக்கரை வழியே மேற்கே சென்றால், கரூருக்கப்பால் புகழூரருகே, 1979இல் தமிழ்நாடு அரசு நிறுவிய தாளாலையைக் காணலாம். கரும்புச் சக்கையைக் கருப்பொருளாகக் கொண்டு எழுந்த ஆலை அது. கரும்பு நம்முடையது, உழைப்பு நம்முடையது, ஊர்ப்பெயர் மட்டும் காகிதபுரம்! பாரசீகத்தினின்று வந்த அச்சொல்லுக்கு ஈடாக, நெற்றாளை நாளும் கையிற் பிடித்தறுக்கும் நமக்குத் 'தாள்' என்னும் சொல் கிட்டாமற் போயிற்றா?

பெயர்ப்பலகை கிடக்கட்டும், பட்டறைக்குள் செல்வோம்.

ஈரக்கூழ் உருளைகளிடையே நசுங்கியே தாளாகின்றது. நீண்ட உருளை தன் எடையாலும் அழுத்தத்தாலும் நடுவில் வளையும். அவ்வளைவை ஈடுசெய்ய நடுவிட்டத்தை ஓரங்களினும் மயிரிழை பருமனாகக் கடைந்து வைப்பர். அந்த வயிற்றை அளக்க, உருளைமேற் கவடிட்டமர்ந்து நகரும் கருவியொன்று. சுற்றிக் கட்டினால் விட்டத்தையே காட்டுமாறு வட்டவீதத்தால் வகுத்துக் கோடிட்ட எஃகு நாடாவொன்று. உருளைகள் இணையாக நிற்கின்றனவா எனக் காணும் சீரொளிக் கருவியொன்று. கவட்டளவி, விட்டநாடா, இணைகாணி என்றால் எந்தத் தொழிலாளிக்கு விளங்காது?

ஆங்கிலப் பெயரே போதாதா என்பார் உளர். என்பால் பயின்ற ஒருவன் வேறோர் ஆலையில் உருளை கடைபவன். ஒருமுறை, பொறியினின்று கழற்றிய உருளையைச் சூடாறுமுன் அளந்துவிட்டான். ஒரு மீட்டர் விட்டமுள்ள எஃகுருளை 10 பாகை சூடேறினால் ஏறத்தாழ 0.12 மி.மீ. பருக்கும். ஓரம் முன்னே ஆறும். நடு பின்னே ஆறும். ஆகவே இல்லாத வயிறு இருப்பதாகக் கருவி காட்டியது. அதை நம்பி நடுவைத் தேய்த்தான். பின்னர் அவ்வுருளையிற் பிழிந்த தாள் ஓரம் காய்ந்தும் நடு ஈரமாயும் வந்தது. பழி அவன் தலையில் விழுந்தது; ஒரு மாதக் கூலியும் போயிற்று. ஆறிய பின்னரே அளக்க வேண்டுமென்னும் குறிப்பு சுவரில் இருந்ததாம், ஆங்கிலத்தில்!

அளவை நமக்குப் புதிதன்று. தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டுகள் நிலத்தை 320இல் ஒரு பங்காகிய முந்திரிக்கும், அதனை மீண்டும் 320ஆகப் பகுத்த கீழ்முந்திரிக்கும், அதற்கும் கீழே சென்று கணக்கிடுகின்றன. அத்தனை நுண்மையையும் ஊர்க்கணக்கன் தன் தாய்மொழியிலேயே எழுதினான்.

"உருளை ஆறியபின் அளக்க என்று மூன்று சொல் எழுதியிருந்தாற் போதுமே, ஐயா" என்றான் அவன். அம்மூன்று சொல்லைத்தான் ஆலைகளிடம் கேட்கின்றோம். தாளாலைகளிற் பணிபுரியும் அன்பர்கள், தத்தம் பட்டறைகளில் தொழிலாளர் வாயில் வழங்கும் கருவிப் பெயர்களைத் தொகுத்து நமக்கு விடுக்க.