பட்டயம் பேசும், வியர்வை பேசாதா?

வீரகேரளம்புதூரில் வீற்றிருந்த ஊற்றுமலை ஜமீனின் புகழை நாம் மறுக்கவில்லை. காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியாரைப் போற்றிய அரண்மனை அது. ஆயினும், "ஜமீன் ஒழிப்பு அநீதி, பட்டயமுள்ள நிலத்தைப் பறித்துவிட்டார்கள்" என்று நம் இறைமக்களுள் சிலர் பேசுவதை நாம் ஏற்பதற்கில்லை.

அப்பட்டயம் எங்கிருந்து வந்தது? பாளையக்காரர் வரி தண்டியவர், காவல் காத்தவர். அவர்களது போரை 1801இல் ஒடுக்கிய கும்பினியாரே, 1802ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே எஞ்சியவர்களை நிலவுடைமையாளர் ஆக்கினர். உழுதவரின் உரிமையோ 1908 வரை தெளிவின்றித் தத்தளித்தது.

கலிபோர்னியாவிலும் இதே கதைதான். 1833இல் மெக்சிகோ அரசு மறைபரப்புத் தளங்களைக் கலைத்தபோது, பழங்குடியினருக்கெனச் சொல்லப்பட்ட நிலத்தின் பெரும்பகுதி பண்ணையார்களுக்கே மானியமாயிற்று. 1851இல் அமெரிக்கச் சட்டம் அவர்களையே உரிமையை மெய்ப்பிக்கச் சொன்னது. அரசு தந்ததை அரசே கேள்வி கேட்டது.

1948ஆம் ஆண்டு ஒழிப்புச் சட்டம் ஜமீன்தார்களுக்கு இழப்பீடு தந்தது. பண்ணை நிலத்துக்குப் பட்டாவும் தந்தது. பதிவேட்டில் பெயரில்லாத கூலியாளுக்கு என்ன தந்தது? அநீதி என்றால் அதுவே அநீதி.

நாபோத்தை வீழ்த்திய மடல்களிலும் ஆகாபின் அரச முத்திரை இருந்தது. கடவுளோ நாபோத்தின் பக்கம் நின்றார். தனியுடைமை நிபந்தனையற்ற உரிமையன்று என்று திருத்தந்தை ஆறாம் பவுலும் 1967இல் கற்பித்தார்.

ஆகவே, நிலமுள்ள நம் குடும்பங்களும் பங்குகளும், தம் வயலில் உழைப்போருக்கு ஒரு வீட்டுமனையேனும் எழுதிக் கொடுக்கட்டும். பட்டயத்தின் புனிதம் பற்றி அதன்பின் பேசுவோம்.