களியும் கணக்கும்

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தின் மானாவாரி நிலங்களில் காலங்காலமாக விளைந்து வருவது கேழ்வரகு. அதைக் களியாகக் கிளறி, அவரைக் குழம்போடும் கீரைக் கடைசலோடும் உண்டு, பொழுது சாயும்வரை காட்டில் உழைத்த தலைமுறை ஒன்று இங்கே வாழ்ந்தது. அதன் பேரப்பிள்ளைகளுள் பலர் இன்று சிப்காட் தொழிற்பேட்டையில் இரவு பகலெனச் சுழல்முறையில் பணியாற்றுகின்றனர். உழைப்பின் தன்மை மாறியது, உணவும் மாறியது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களுள் ஏறத்தாழ 40 விழுக்காட்டினரும் ஆண்களுள் 37 விழுக்காட்டினரும் மிகை எடை உடையோர் என்கிறது 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வு.

இந்நிலையில், எடையைக் குறைக்கக் கேழ்வரகுக்குத் திரும்பினால் போதும் என்னும் கருத்துப் பரவி வருகிறது. அதில் பாதியே உண்மை. மறுபாதியை அறியாதவரின் முயற்சி வீணாகும்.

100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 320 கிலோ கலோரி ஆற்றல் உள்ளது. அதே அளவு தீட்டிய அரிசியில் ஏறத்தாழ 355. வேறுபாடு பத்தில் ஒரு பங்கே. சோற்றை விடுத்துக் களியைக் கூடுதலாக உண்பவருக்கு எடை எவ்வாறு குறையும்? செலவாகும் ஆற்றலைவிட உட்கொள்ளும் ஆற்றல் குறைந்தால்தான் உடல் தன் சேமிப்பாகிய கொழுப்பைக் கரைக்கும். எந்தத் தானியமும் இவ்விதிக்கு விலக்கன்று. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 609 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைக் கொழுப்பையும் மறு பிரிவினரை மாவுச்சத்தையும் குறைத்து உண்ணச் செய்தனர். ஓராண்டில் முன்னவர் சராசரியாக 5.3 கிலோவும் பின்னவர் 6 கிலோவும் எடை குறைந்தனர். இது பொருட்படுத்தத்தக்க வேறுபாடன்று என 2018இல் வெளியான அவ்வாய்வு கூறியது.

அவ்வாறாயின், உணவின் தன்மைக்கு மதிப்பே இல்லையா? உண்டு, அளவைக் கட்டுக்குள் வைக்கத் துணைநிற்பது அதுவே. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஆய்வில், 20 பேருக்கு இரு வாரம் ஆலைகளில் மிகுதியாகப் பதப்படுத்திய உணவும், இரு வாரம் இயல்பான உணவும் வழங்கப்பட்டன. பரிமாறிய ஆற்றல் இரண்டிலும் ஒன்றே. விரும்பிய அளவு உண்ணலாம். பதப்படுத்திய உணவு கிடைத்த நாள்களில் அவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கிலோ கலோரி கூடுதலாக உண்டனர், எடையும் கூடியது.

கேழ்வரகின் சிறப்பு இங்கேதான் விளங்குகிறது. அதன் நார்ச்சத்து, தீட்டிய அரிசியில் உள்ளதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. நார்ச்சத்து மிக்க உணவு குறைந்த அளவிலேயே வயிற்றை நிறைத்து, நெடுநேரம் பசி தாங்கும். ஆயினும், புரதத்தில் கேழ்வரகு அரிசியை விஞ்சுவதில்லை. அக்குறையை நிரப்புவன அவரையும் மொச்சையும் கொள்ளும். களியோடு பருப்புவகைகளைச் சேர்த்து உண்ட முன்னோரின் வழக்கம் பொருளுடையது.

கணக்கில் வராமல் சேரும் ஆற்றலும் உண்டு. இரவுப் பணியின் இடைவேளைகளில் நான்கு முறை தேநீர் அருந்துபவர், ஒவ்வொன்றிலும் 10 கிராம் சர்க்கரை சேர்த்தால், சர்க்கரையால் மட்டும் 160 கிலோ கலோரி பெறுகிறார். அது 50 கிராம் கேழ்வரகு மாவின் ஆற்றலுக்கு ஈடானது. ஆனால், மாவு தணிக்கும் பசியைச் சர்க்கரை தணிப்பதில்லை.

அளவைக் குறைத்தல் என்பது பட்டினி கிடத்தல் அன்று. வளரும் பருவத்தினர் உணவைத் துறந்தால் எலும்பும் தசையும் நலிவுறும். திருக்குறளின் 'மருந்து' அதிகாரம், முன்பு உண்டது செரித்தபின், ஏற்ற உணவை அளவறிந்து உண்ணுமாறு கூறுகிறது. ஏற்ற உணவு, உரிய அளவு ஆகிய இரண்டும் இணையும்போதுதான் கேழ்வரகு பயன்தரும். அளவை மறந்தவருக்குக் களியும் மிகையுணவே.