சும்மா இருப்பவர்கள் அல்ல

இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனி 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அரங்கேறியதிலிருந்து, சிம்பொனிகளைத் தேடிப் பிடித்துக் கேட்கும் நண்பர்கள் பெருகியிருக்கிறார்கள். மகிழ்ச்சி. அவர்களில் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பின்வரிசையில் இத்தனை பேர் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார்களே, எதற்கு?"

முழு ஆர்க்கெஸ்ட்ரா என்றால் 80 முதல் 100 பேர் வரை இருப்பார்கள். பாதிக்கு மேல் தந்தி வாத்தியங்கள்: முதல் வயலின், இரண்டாம் வயலின், வியோலா, செல்லோ, டபுள் பாஸ். நடுவில் புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பசூன். அதற்குப் பின்னால் ஹார்ன், டிரம்பெட், டிராம்போன், டியூபா. பின்கோடியில் டிம்பனி முதலான தாள வாத்தியங்கள். பின்னால் போகப் போக வாசிக்கும் நேரம் குறையும், பொறுப்பு குறையாது.

1808இல் வியன்னாவில் அரங்கேறிய பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று பகுதிகளில் டிராம்போன்களுக்கு ஒரு சுரம்கூடக் கிடையாது. இருபது நிமிடத்துக்கு மேல் மௌனம். மூன்றாம் பகுதியின் முடிவில் சத்தமெல்லாம் அடங்கி, டிம்பனி மட்டும் மெல்லத் தட்டிக்கொண்டே இருக்கும். அதன்மேல் வயலின்கள் தயங்கித் தயங்கி ஏறும். இடைவெளியே விடாமல் நான்காம் பகுதி வெடிக்கும்போதுதான் மூன்று டிராம்போன்களும் நுழைகின்றன. ஆரம்பத்திலிருந்தே அவை ஒலித்திருந்தால் அந்த இடத்துக்கு இத்தனை வெளிச்சம் வந்திருக்காது.

1893இல் நியூயார்க்கில் அரங்கேறிய துவோர்ஷாக்கின் ஒன்பதாவது சிம்பொனியில் டியூபாவுக்கு இரண்டாம் பகுதியில் மட்டும் சில சுரங்கள். சிம்பல் மொத்தச் சிம்பொனியிலும் ஒரே ஒருமுறை, அதுவும் அடக்கமாக ஒலிக்கும்.

காத்திருக்கும் கலைஞர் ஓய்வெடுக்கவில்லை. 'ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. இரண்டு, இரண்டு, மூன்று, நான்கு' என்று ஒவ்வொரு தாளக்கட்டையும் அதன் எண்ணோடு மனதுக்குள் எண்ணிக்கொண்டிருக்கிறார். பித்தளைக் குழல் குளிர்ந்தால் சுருதி இறங்கிவிடும். அதனால் தன் முறை நெருங்கும்போது சத்தம் வராமல் வெதுவெதுப்பான மூச்சை உள்ளே ஊதிக்கொள்வார். முதல் வயலினில் பத்துப் பதினைந்து பேர் ஒரே வரியை வாசிக்கிறார்கள். டிராம்போனில் ஆளுக்கு ஒரு தனி வரி. இவர் தவறினால் ஈடுகட்ட ஆளில்லை. இத்தனை நேரம் கழித்து ஊதும் முதல் சுரமே சுத்தமாக விழ வேண்டும்.

எனக்கு ஆர்க்கெஸ்ட்ராவின் மீது இருக்கும் மரியாதைக்குப் பெரிய காரணம் இவர்கள்தான். எப்போது வாசிக்க வேண்டும் என்பதைப் போலவே எப்போது வாசிக்கக் கூடாது என்பதும் அங்கே எழுதப்பட்டிருக்கிறது. அதையும் அவர்கள் சிரத்தையோடு நிறைவேற்றுகிறார்கள்.

இந்த வாரம் ஒரு அரை மணி நேரம் ஒதுக்கி அந்த ஐந்தாவது சிம்பொனியைக் கேளுங்கள். நேராக நான்காம் பகுதிக்குத் தாவிவிட வேண்டாம். டிராம்போன்காரர்கள் காத்திருக்கும் நேரமெல்லாம் நீங்களும் காத்திருங்கள்.