மேசைக்கு இடமில்லாத வீடுகள்

"குடும்பத்தையும் எழுத்தையும் ஒருங்கே சுமக்கிறாரே!" என்று பெண் நாவலாசிரியரைப் புகழ்வோருண்டு. அப்புகழ்ச்சியை நாம் ஏற்பதற்கில்லை. ஆண் எழுத்தாளர் வீடு மாறினால் மூட்டை கட்டுபவள் மனைவி. தம் நூலைப் பரப்ப அவர் ஊரூராகச் செல்கையில் பிள்ளைகளைக் காப்பவளும் அவளே. அவரை எவரேனும் இவ்வாறு வியந்ததுண்டா?

நாகூர் சித்தி ஜுனைதா பேகத்தின் 'காதலா கடமையா' 1938இலேயே வெளிவந்தது. அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்தும், துவரங்குறிச்சி ராஜாத்தி 'சல்மா' என்னும் புனைபெயருக்குள் மறைந்து, இரவில் கழிவறைக்குள் ஒளிந்தல்லவா எழுத நேர்ந்தது? 2004இல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' வந்ததும் பெருமை கொண்டாட மட்டும் முன்வந்தோம்!

பாச்சலூர் மலைச்சரிவிலாயினும் சென்னையிலாயினும், புதுமனை புகும் நம்மவருள் மனைவி எழுதவென ஒரு மேசைக்கு இடம் விட்டவர் எத்தனை பேர்?