பேடு புதுசு... பிரச்னை பழசு!

பைக்கோட பின்பக்க டிஸ்க் பிரேக்குக்குப் புது பேடு போட்டாச்சு. பாக்கெட் மணியும் காலி. ஷெட்டை விட்டு வெளியே வந்தா... 'கீ...ச்!' காலேஜ் கேட்ல நிக்கிற மொத்தக் கும்பலும் திரும்பிப் பார்க்குது. போதாததுக்கு, வண்டியைத் தள்ளினா பின்னாடி யாரோ பிடிச்சு இழுக்கிற மாதிரி கனம். திரும்பிப் போய்க் கேட்டா, மெக்கானிக் அண்ணன் கூலா சொல்வார்... 'ஓட ஓட சரியாயிடும் தம்பி!'

அந்த டயலாக்ல பாதி நிஜம், பாதி ஆபத்து. உங்க வண்டி எந்தப் பாதியில இருக்குனு கண்டுபிடிக்கிறதுதான் இந்த வார மேட்டர்.

முதல்ல நிஜமான பாதி. புது பேடோட முகம் தட்டையா இருக்கும். டிஸ்க்கோ பழசு, தேஞ்சு லேசா வரி விழுந்திருக்கும். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பழகுற வரைக்கும் 'ஷ்ஷ்'னு ஒரு உரசல், அப்பப்போ சின்னதா ஒரு கீச் வரலாம். முதல் 200, 300 கிலோமீட்டருக்கு சடன் பிரேக் போடாம, நிதானமா அழுத்தி ஓட்டினா பெரும்பாலும் அடங்கிடும்.

ஆனா, வீல் இழுக்குதுன்னா கதையே வேற. அது ஓட ஓட சரியாகாது, ஓட ஓட சூடாகும்!

ஏன்? பிரேக் பிடிக்கிறது எப்படினு எல்லாருக்கும் தெரியும். அது எப்படி விடுதுனு யோசிச்சிருக்கீங்களா? கேலிப்பருக்குள்ள இருக்கிற பிஸ்டனைச் சுத்தி ஒரு ரப்பர் சீல் இருக்கு. பெடலை மிதிச்சதும் பிஸ்டன் முன்னால போகும், சீலும் அதோட சேர்ந்து லேசா வளையும். காலை எடுத்ததும் சீல் பழைய நிலைக்குத் திரும்பி, பிஸ்டனைத் துளியூண்டு பின்னால இழுக்கும். அந்த இழுப்பு அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. தனியா ஸ்பிரிங், லீவர் எதுவும் கிடையாது. அதனால கொஞ்சம் துரு, கொஞ்சம் சேறு போதும், ஆட்டம் க்ளோஸ்!

இப்போ புரியுதா, பேடு மாத்தின உடனே பிரச்னை ஏன் வருதுனு? பழைய பேடு தேயத் தேய பிஸ்டன் வெளியே நீட்டிக்கிட்டே வந்திருக்கும். நீட்டின பகுதியில மழைத்தண்ணி, தூசி, துரு எல்லாம் குடியேறியிருக்கும். தடிமனான புது பேடு நுழையணும்னா பிஸ்டனை உள்ளே தள்ளணும். அழுக்கைத் துடைக்காமலே தள்ளினா? சீல்ல போய்ச் சிக்கும். பேடு புதுசுதான், பிரச்னை பழசு!

சரி, வண்டி நிஜமாவே இழுக்குதானு பார்க்க அம்மாவோட தோசைக்கல் டெக்னிக் இருக்கு. பின் பிரேக்கைத் தொடாம, முன் பிரேக்கை மட்டும் வெச்சு ரெண்டு கிலோமீட்டர் மெதுவா ஓட்டுங்க. நிறுத்தினதும் பின் டிஸ்க் மேல ரெண்டே ரெண்டு சொட்டு தண்ணி விடுங்க. 'சுர்ர்'னு பொங்கினா, பேடு டிஸ்க்கை விடவே இல்லைனு அர்த்தம். தயவுசெஞ்சு விரலை வெச்சு மட்டும் பார்க்காதீங்க, தோல் உரிஞ்சிடும்!

அடுத்தது, தப்பு எங்கேனு பிடிக்கிற டெஸ்ட். இதை மெக்கானிக் அண்ணன் பக்கத்துல இருக்கும்போது பண்ணுங்க. வண்டியை சென்டர் ஸ்டாண்டோ, பேடாக் ஸ்டாண்டோ போட்டு, நியூட்ரல்ல வீலைச் சுத்துங்க. செயின் இருக்கிறதால கொஞ்சம் கனம் இருக்கத்தான் செய்யும். பெடலை நாலு தடவை மிதிச்சு விட்டு மறுபடி சுத்துங்க. வீல் அடம் பிடிச்சா, கேலிப்பர்ல இருக்கிற பிளீடிங் நிப்பிள்ல ஒரு டியூபை மாட்டி, நிப்பிளை லேசா லூஸ் பண்ணச் சொல்லுங்க.

ஆயில் சொட்டி வீல் உடனே ஃப்ரீ ஆச்சா? அப்போ குற்றவாளி கேலிப்பர் இல்லை, பிரஷர் மேலேயே மாட்டிக்கிட்டு நிக்குது. பெடல்ல துளி ஃப்ரீ பிளே இருக்கானு பாருங்க. இல்லைன்னா மாஸ்டர் சிலிண்டர்ல ஆயில் திரும்பி வர்ற குட்டித் துளை மூடியே கிடக்கும். ஆயில் டப்பாவையும் பாருங்க. பழைய பேடு தேஞ்சப்போ ஆயிலை டாப்-அப் பண்ணியிருந்தா, இப்போ டப்பா நிரம்பி வழியும். சூட்டுல ஆயில் விரிய இடமே இருக்காது. ரெண்டும் ஓகேன்னா மாஸ்டர் சிலிண்டரையும் ஹோஸையும் செக் பண்ணணும்.

நிப்பிளைத் திறந்தும் வீல் இழுக்குதா? அப்போ சிக்கல் கேலிப்பர்லதான். ஒண்ணு பிஸ்டன், இல்லைன்னா கேலிப்பர் நகர்ற ஸ்லைடு பின். ரெண்டு பேடையும் கழட்டிப் பாருங்க. ஒண்ணு மட்டும் அதிகமா தேஞ்சிருந்தா பெரும்பாலும் ஸ்லைடு பின்தான். அதைத் துடைச்சு, பிரேக்குக்குனே விக்கிற சிலிக்கான் கிரீஸ் மட்டும் போடுங்க. செயினுக்குப் போடுற கிரீஸோ, இன்ஜின் ஆயிலோ பட்டா ரப்பர் உப்பிடும். கடைசியா நிப்பிளை டைட் பண்ணி, ஏர் எடுத்து, பெடல் கெட்டியா இருக்கானு பார்த்த பிறகுதான் ரோட்டுக்குக் கிளம்பணும்.

இழுக்கலை, சத்தம் மட்டும்தான்னா லிஸ்ட் சின்னது. பேடு முதுகுல இருந்த தகடு பழைய பேடோட குப்பைக்குப் போயிடுச்சானு கேளுங்க. செயினுக்கு ஸ்ப்ரே அடிச்சப்போ டிஸ்க் மேல தெறிச்சுதானு யோசிங்க. 'கரகர'னு இரும்பு உரசினா வண்டியை ஓட்டவே வேணாம். டிஸ்க்குலயே குறைஞ்சபட்சத் தடிமன் பொறிச்சிருப்பாங்க, அதுக்குக் கீழே போயிருந்தா டிஸ்க்கையும் மாத்தணும்.

'இவ்ளோ பில்டப் தேவையா?'னு கேட்கிறீங்களா? டாட் 4 பிரேக் ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சின பிறகு அந்தக் கணக்கு 155 டிகிரி வரைக்கும் இறங்கலாம். இழுக்கிற பிரேக் ஆயிலைச் சூடாக்கும். ஆயில் கொதிச்சா பெடல் பொதபொதனு உள்ளே போகும், பிரேக் பிடிக்காது. கொதிக்கிறதுக்கு முன்னாடியே, விரிஞ்ச ஆயில் திரும்பிப் போக வழியில்லாம பேடை இன்னும் அழுத்தினா, ஓடுற வண்டியில பின் வீல் லாக் ஆகும்.

'நம்ம வண்டியிலதான் ஏ.பி.எஸ். இருக்கே!'னு நினைக்காதீங்க. 2019 ஏப்ரல்ல இருந்து 125 சி.சி.க்கு மேற்பட்ட பைக் எல்லாத்துக்கும் அது கட்டாயம்தான். ஆனா, சிங்கிள் சேனல்னா அது காவல் காக்கிறது முன் வீலை மட்டும். டூயல் சேனலா இருந்தாலும், தானா சிக்கி நிக்கிற பிஸ்டனை விடுவிக்க அதால முடியாது.

ஸோ, அடுத்த தடவை பேடு மாத்தும்போது பக்கத்துலயே நின்னு மூணே கேள்வி கேளுங்க. 'பிஸ்டனைத் துடைச்சீங்களாண்ணே? பின்னுக்கு கிரீஸ் போட்டாச்சா? ஆயில் லெவல் பார்த்தீங்களா?' கேட்டுட்டு, வண்டியை இறக்குறதுக்கு முன்னாடி வீலை ஒரு சுத்து சுத்திப் பாருங்க. லேசா 'ஷ்ஷ்'னு உரசிக்கிட்டே சுத்தினா, தைரியமா காசைக் கொடுத்துட்டுக் கிளம்புங்க!