ஞாயிறு காலை தம்மமா, டியூஷனா?

இலங்கையில் பௌத்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு நாள் கிடையாது. காலையிலேயே வெள்ளை உடுப்பு போட்டு விகாரைக்குப் போகணும். அங்கே நடக்கும் வகுப்புக்குத் தமிழில் அறநெறிப் பாடசாலைன்னு பேர். சின்ன வகுப்புகளில் கூட்டம் இருக்கும். நம்ம ஊர் பத்தாம் வகுப்பு போன்ற சாதாரண தரப் பரீட்சை நெருங்கினா, கூட்டம் கரைய ஆரம்பிக்கும். அதே நேரத்தில் கணக்கு டியூஷன் இருக்கே!

அதனால், ஞாயிறு காலை டியூஷனைத் தடை செய்யணும்னு அங்கே பல வருஷமா குரல் கேட்குது. எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை. தடை போட்டால் நேரம் கிடைக்கும், ஆர்வமும் கூடவே வந்துடுமா? சமயம் அங்கே பள்ளியிலும் கட்டாயப் பாடம். வாரம் முழுக்க மார்க்குக்காகப் படிச்சதையே ஞாயிறும் படின்னா எந்தப் பிள்ளைக்குப் பிடிக்கும்?

இந்த வகுப்புகளின் கதையில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. அடையாறு பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவரான கர்னல் ஆல்காட், 1881-ல் இலங்கைப் பிள்ளைகளுக்காக ஒரு பௌத்த வினா-விடைப் புத்தகம் எழுதினார். கிறிஸ்தவ மிஷனரிகளின் வினா-விடை நூல்கள்தான் அதுக்கு மாதிரி. கேள்வியும் புத்தகத்தில், பதிலும் புத்தகத்தில். மனப்பாடம் பண்ண ரொம்ப வசதி.

அதே ஆல்காட்டின் உதவியோடு 1898-ல் இலங்கைக்குப் போய் பௌத்தம் தழுவியவர் அயோத்திதாசப் பண்டிதர். திரும்பி வந்து சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907-ல் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைக் கொண்டுவந்தார். தாழ்த்தப்பட்டதாகச் சொல்லப்படும் மக்கள் பூர்வத்தில் பௌத்தர்கள் என்பது அவர் வாதம். அதை இன்றைய வரலாற்று ஆய்வாளர்கள் எல்லோரும் அப்படியே ஏற்கிறார்களா என்பது வேறு விஷயம். ஆனால் கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளர்கள் வரைக்கும் சங்கம் பரவியது. அவர்களுக்கு மார்க்கும் கிடையாது, சர்டிபிகேட்டும் கிடையாது. 'எங்களை ஏன் கீழே வெச்சீங்க?' என்ற கேள்வியோடு வந்தவர்கள் அவர்கள். புத்தகம் கேட்ட கேள்வி இல்லை அது, அவங்க சொந்தக் கேள்வி.

நம்ம ஆறாம் வகுப்பு சமூக அறிவியலிலும் பௌத்தம் வருது. நான்கு உண்மைகள், எண்வழிப் பாதைன்னு எழுதினா மார்க் வந்துடும். வகுப்பில் ஜாதி பற்றி ஒரு பிள்ளை கேட்டால்தான் டீச்சருக்கு வேர்க்கும். என்னைக் கேட்டால், அந்தப் பாடம் தொடங்க வேண்டிய இடமே அதுதான்.

கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் அயோத்திதாசருக்கு 2023 டிசம்பரில் மணிமண்டபம் திறந்தாங்க. சைதாப்பேட்டைப் பள்ளிகளிலிருந்து பஸ் ஏறினால் பக்கம்தான். அடுத்த வருஷம் பௌத்தப் பாடத்தை ஒரு நாள் அங்கே வைத்து நடத்தலாமே, டீச்சர்?